ஆர்கன்காரரின் கேசட்டில் பெரியவாப்பா

ஷார்ஜா ரோலாவில் நம் கட்டிடத்தில் வளர்ந்த எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஆர்கன்காரர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் இறந்துபோனாராம். உடனே ஆளாளுக்கு அழுகிற முகங்களை வரிசையாகப் போட்டீர்கள். "நம்ம மொட்டை மாடி அங்கிள்" என்று ஒருத்தி உருகினாள். அவரைப் பார்த்தாலே தள்ளாடி நடந்து காட்டிச் சிரித்தவள் அவள்தான். அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பெரியவாப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, தோஹாவிலிருந்து எழுதினானே, அதைத்தான் விட முடியவில்லை. ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் பெரிய எஞ்சினியர். "அந்த மேதையின் அரிய இசையைக் கேசட்டில் பதிந்து பாதுகாத்தது எங்கள் குடும்பத்துக் கடைதான். அவருடைய இசைக்குழுவைப் பற்றி லண்டனில் படம் எடுக்கிறார்கள். நான் பேட்டி கொடுக்கப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவன் பூசணித் தோட்டத்தையே மறைக்கிறான். எனக்கு அறுபது நெருங்குகிறது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அன்று சாப்பாட்டுக்கு முன்பே மாத்திரையைப் போட வேண்டியதாகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் அழுங்கள்.

கீழே வாப்பாவின் கேசட் கடை, அதற்கு மேல் எங்கள் வீடு, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கடைக்குள் நுழைந்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனையும், டெக்கின் தலையைத் துடைக்கிற ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்து அடிக்கும். ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பால்பவுடர் டின் வைத்திருப்பார் வாப்பா. இடப்பக்கத் தட்டில் மார்க்கச் சொற்பொழிவான பயான் கேசட்டுகள், வலப்பக்கத் தட்டில் சினிமாப் பாட்டு, ஹிந்திப் பாட்டு, அரபிப் பாட்டு. பெரியவாப்பா, வாப்பாவின் அண்ணன், பக்கத்தில் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்குள் வந்தால் இடப்பக்கமாகத்தான் நிற்பார். பாட்டு பாவம் என்று வலப்பக்கம் திரும்பவே மாட்டார்.

மொட்டை மாடி அறைக்கு ஒரு வெள்ளைக்காரர் குடிவந்தது நம் எல்லோருக்கும் திருவிழாவாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் நம்மைப்போல ரோலாவில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தோம். ஷார்ஜா ஹோட்டல்களில் மது ஊற்றிய காலம் அது. கடலோரத்து ஹோட்டல் ஒன்றின் பாரில் அவர் ஆர்கன் வாசித்துப் பாடினார். முதலில் ஹோட்டலிலேயே அறை கொடுத்திருந்தார்கள். குடித்துவிட்டு மேனேஜரைத் திட்டியதில் அந்த அறை போயிற்று. அவர் ஒன்றும் அவுலியாவோ மகானோ இல்லை. காலையில் கண் சிவந்து இறங்கி வருவார், வாசலில் கார் நிறுத்தியவனோடு சண்டை போடுவார், தலைமுடிக்குச் சாயம் அடித்துக் காலர் எல்லாம் கறையாக்கி வைத்திருப்பார். ஆனால் குடிகாரன் என்ற ஒரே வார்த்தையில் பெரியவர்கள் அவரை மூட்டை கட்டி ஓரமாக வைத்தார்களே, அது அநியாயம்.

இளமையில் அவர் ஓர் இசைக்குழுவின் தலைவர். வழக்கமாக ஆர்கன்காரர் மேடையின் மூலையில் உட்கார்ந்திருப்பாராம். இவர் ஆர்கனை நடுவில் கொண்டுவந்து போட்டு, அதற்குப் பின்னால் நின்று பாடுவாராம். இரண்டு சாக்ஸபோன், ஒரு டிரம்பெட், டிரம்ஸ், கிடார். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பாடிய சோல் இசையை லண்டன் கிளப்புகளில் வேர்க்க வேர்க்கப் பாடிய வெள்ளைக்காரப் பையன்கள். இதையெல்லாம் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து என்னிடம்தான் சொன்னார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால் பள்ளிவிட்டு வந்ததும் எனக்குக் கடையில் மொழிபெயர்ப்பு வேலை. வாப்பாவுக்கு இங்கிலீஷில் யெஸ், நோ, டுமாரோ. அவருக்கு ஹிந்தியில் அச்சா, ஜல்தி, நாளைக்கு என்பதற்குக் கல். வாப்பாவை பாய் என்று கூப்பிடுவார். மற்றதெல்லாம் என் வழியாகத்தான்.

அவர் வாசித்து நான் ஒரே ஒரு முறைதான் நேரில் கேட்டிருக்கிறேன். ஹோட்டல் லாபிக்கு அரபிப் பாட்டுக் கேசட் கொடுக்க வாப்பா போனபோது நானும் போனேன். பகல் நேரம். பார் காலியாகக் கிடந்தது, நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வாப்பா வாசற்படிக்கு வெளியே செருப்போடு நின்றுகொண்டார். உள்ளே எட்டிப் பார்ப்பதே பாவம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன். உள்ளே ஆர்கன்காரர் இடது காலால் கீழே உள்ள கட்டைகளை மிதிக்க மிதிக்க என் பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. பெரிய மரப்பெட்டி ஒன்றுக்குள் ஒலிபெருக்கி சுழன்றுகொண்டிருந்தது. அந்த ஓசை எனக்குப் பக்கத்தில் வந்து தூரப் போய் மறுபடி பக்கத்தில் வந்தது. அப்புறம் அவர் பாடினார். கரகரத்த குரல், மன்றாடுகிற குரல். எனக்கு அழுகை வந்தது. "பார்த்தியா, புள்ள பயந்துருச்சு" என்று வாப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கோடை லீவு தொடங்கியபோது ஆர்கன்காரர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். அவருடைய குழு ஒரு கிளப்பில் வாசித்த நிகழ்ச்சி முழுவதும் அதில் இருந்தது. முதலில் பதிந்த பெரிய நாடா எப்போதோ தொலைந்துவிட்டது. அதிலிருந்து எடுத்த இந்த ஒரு கேசட்தான் மிச்சம். லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் அதை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். நன்றாக இருந்தால் இசைத்தட்டாக வெளியிடுவார்களாம், குழுவை மறுபடி மேடையேற்றுவார்களாம்.

"தபாலில் தொலைந்துவிட்டால் என் கதை முடிந்தது" என்றார். "அதனால் ஒரு நகல் எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும். ஹோட்டலில் என் வேலை இந்தக் கோடையோடு சரி. இது வெளிவந்தால் பாட்டுக்காரனாக ஊருக்குப் போவேன். இல்லாவிட்டால் எந்த முகத்தோடு போவது?"

நான் சொன்னேன். வாப்பா தலையாட்டினார். "கல், கல்" என்றார்.

நகல் எடுக்க வெற்றுக் கேசட் வேண்டுமே! லீவு சீசன். ஊருக்குப் போகிற ஒவ்வொருவனும் பத்து கேசட்டாவது பதிந்து கொண்டுபோவான். கடையில் வெற்றுக் கேசட் ஒன்றுகூட இல்லை, புதுச் சரக்கு துறைமுகத்தில் கிடந்தது. அவர் கேசட் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நம் ஆட்களின் வழக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புவார்கள். எவன் விமானம் ஏறுகிறானோ அவன் பையில் அத்தனை பேர் பேச்சும் போகும். கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னப் பற்களை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் பதிய முடியாது என்பது கம்பெனிக்காரன் போட்ட பூட்டு. அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் பூட்டு திறந்துவிடும் என்பது நம் ஆட்களின் சாவி. அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். குர்ஆன் ஓதிய கேசட்டில் கை வைக்கக் கூடாது. வீட்டு ஆட்கள் பேசிய கேசட்டில் கை வைக்கக் கூடாது. பாட்டுக் கேசட்டா, தாராளமாக அழிக்கலாம்.

வாப்பா மதியம் லுஹர் தொழப் போன நேரம் பெரியவாப்பா கடைக்கு வந்தார். அன்றைக்கே ஒருவன் ஊருக்குப் போகிறான். பேசி அனுப்ப வேண்டும், கேசட் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ கிறுக்கிய கேசட் ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தார், பாட்டு. செலோடேப்பை ஒட்டி, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

பெரியவாப்பாவையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு கையெழுத்தைத் தவிர எழுத வராது. மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள், மகன் பிறந்ததையே அடுத்த லீவில்தான் பார்த்தார். கேசட்டில் பேசும்போது அழுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கோபப்படுகிறேன். தன் பேச்சு அழிந்துபோனால் எப்படி இருக்கும் என்று அறிந்த மனிதனுக்கு அடுத்தவன் பேச்சு வெறும் பாட்டாகத் தெரிந்ததே!

வாப்பா வந்து பார்த்தபோது கேசட் விமான நிலையத்துக்குப் போய்விட்டது. "என்னா காக்கா இப்புடிப் பண்ணிட்டியளே" என்றார். "பாட்டுத்தானப்பா, ஒரு கேசட்டுக்கு இந்தப் பாடா?" என்றார் பெரியவாப்பா. காக்கா என்றால் அண்ணன், அண்ணன் சொன்னால் தம்பி மறுவார்த்தை பேசக் கூடாது.

மறுநாள் ஆர்கன்காரர் வந்தார். வாப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"மெசின் நாடாவைத் தின்னுருச்சுன்னு சொல்லு. அறுந்துபோச்சு, நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

நான் அவரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னேன்: "என் பெரியப்பா உங்கள் கேசட்டின் மேலேயே பேசிப் பதிந்து, அதை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்."

அவருக்குப் புரியவில்லை. "மறுபடி சொல்" என்றார். சொன்னேன். பக்கத்தில் வாப்பா முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "யெஸ், யெஸ், மெசின், வெரி பேட்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆர்கன்காரர் கல்லாவின் கண்ணாடியில் ஓங்கி அடித்துக் கத்தினார், கண்ணாடி விரிசல் விட்டது. வாப்பாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"என்னாடி சொன்னா அவருட்ட?"

"நடந்ததைச் சொன்னேன்."

பளாரென்று ஓர் அறை. காது கொய்யென்றது. கத்திக்கொண்டிருந்த ஆர்கன்காரர் அதோடு நின்றுவிட்டார். "குழந்தையை அடிக்காதே" என்றார். அதையும் நான்தான் அழுதுகொண்டே வாப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அந்த அறைக்காக இன்றுவரை நான் வாப்பாவை மன்னிக்கவில்லை. அவர் மண்ணுக்குப் போயும் மன்னிக்கவில்லை.

வாப்பா ஒரு யோசனை சொன்னார். "இவ்வளவு ஏன் சத்தம் போடுறாரு? ஆர்கன் ஹோட்டல்ல இருக்கு, கை இருக்கு, வாய் இருக்கு. இன்னொருக்கா பாடச் சொல்லு, நானே மெசினைத் தூக்கிட்டு வந்து பதிஞ்சு தர்றேன்."

ஆர்கன்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "டிரம்ஸ் வாசித்தவன் செத்துவிட்டான். சாக்ஸபோன்காரன் ஒருவன் பஸ் ஓட்டுகிறான். எனக்கு அந்த வயது திரும்பி வருமா? வேண்டுமானால் உங்கள் அண்ணன் பேசியதை இன்னொரு முறை பேசட்டும். என்னுடைய கேசட்டைத் திருப்பி வாங்கிக் கொடுங்கள்."

வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேச்சும் பாட்டும் ஒண்ணா?" என்றார்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். ஊரையே சுமந்து திரிந்த பெரியவர்கள், இன்னொருவனுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. பெரியவாப்பா ஒரு பக்கத்தில் பாதிதான் பேசியிருந்தார். மிச்சம் அப்படியே இருக்க வேண்டும். கேசட் திரும்பி வந்தால் அதை வைத்தே இசைத்தட்டு போடலாம் என்று ஆர்கன்காரர் லண்டனுக்கு எழுதினார், பொறுக்கச் சொன்னார். ஊருக்குப் போகிற ஆளிடம் வாப்பா சொல்லியனுப்பினார்: கேசட்டைச் சீக்கிரம் திருப்பி அனுப்புங்க.

"அதுல எதுவும் பதியாதீங்கன்னும் சொல்லுங்க வாப்பா" என்றேன்.

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். நீ வாயை மூடு."

கோடை முழுவதும் ஆர்கன்காரர் மத்தியானத்தில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்வார். குளிர்ந்த விம்டோ ஒன்று குடிப்பார். "பாய், கல்?" என்று கேட்பார். "கல்" என்பார் வாப்பா. நீங்கள் எல்லாம் கடை வாசலில் நின்று "கல், கல்" என்று கோரஸ் பாடினீர்கள். நினைவிருக்கிறதா? அழுகிற முகம் போட்டவர்கள் யாருக்காவது நினைவிருக்கிறதா?

கேசட் வந்தது. கோடை முடிகிற நேரம், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். ஊரிலிருந்து வந்தவன் கருவாடும் கேசட்டும் சேர்த்து ஒரே பையில் கொண்டுவந்தான். பெரியவாப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆர்கன்காரர் சட்டையை இஸ்திரி போட்டு, சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். குடித்திருக்கவில்லை. வாப்பா பொத்தானை அமுக்கினார்.

பெரியம்மாவின் குரல் வந்தது. "கேசட்டைச் சீக்கிரம் அனுப்பச் சொன்னியளாம். எங்க ஞாபகம் வந்து ஏங்கிப் போயிட்டியன்னு எல்லாரும் சேந்து நிறையப் பேசி அனுப்புறோம்."

நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

நிறையத்தான் பேசியிருந்தார்கள். வீடு கட்டுகிற கொத்தனார் பேசினார். பக்கத்து வீட்டு மாமி தன் மகனுக்கு விசா கேட்டாள். ஆடு குட்டி போட்டதை இரண்டு பேர் சொன்னார்கள். தம்பி, நீயும் பேசியிருந்தாய். பள்ளியில் படித்த பாட்டை ஒப்பித்தாய், சாவி கொடுத்தால் ஓடுகிற கார் கேட்டாய். அப்போது நீ பச்சைப் பிள்ளை, உன்மேல் குற்றமில்லை. இன்று நரைத்த தலையோடு, பாதுகாத்தோம் என்று எழுதுகிறாயே, அதுதான் குற்றம். அவர் பாட்டின் மேல் உட்கார்ந்திருந்த குரல்களில் உன் குரலும் ஒன்று. பேட்டியில் அதைச் சொல்.

பெரியவாப்பா தேம்பித் தேம்பி அழுதார். ஆர்கன்காரர் எழுந்து போகவில்லை. "என்ன சொல்கிறார்கள்?" என்று ஒவ்வொரு குரலுக்கும் கேட்டார். "ஆடு குட்டி போட்டிருக்கிறது" என்றேன். தலையசைத்தார். கேசட்டைத் திருப்பிப் போட்டோம். அந்தப் பக்கமும் ஊர்தான் பேசியது.

கடைசியில் தம்பியின் குரல் பாதியில் நின்றது. 'டக்' என்று ஒரு சத்தம், உடனே ஆர்கன். கடை முழுவதும் அந்த ஆர்கன். ஏதோ ஒரு பாட்டின் வால் பகுதி. சாக்ஸபோன்கள் சேர்ந்து எழும்ப, டிரம்ஸ் இடிக்க, நூற்றுக்கணக்கான பேர் கைதட்டிக் கத்தினார்கள். மூச்சு வாங்க ஓர் இளைஞன் பேசினான். குழுவில் ஒவ்வொருவர் பெயராகச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் கத்தியது. டிரம்ஸ்காரன் பெயர் வந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் உதடும் அதைச் சொன்னது. அந்த இளைஞன் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே நாடா முடிந்துவிட்டது.

"இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது" என்று அவர் என்னிடம் சொன்னார். கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதையாவது அவரிடம் விட்டிருக்கலாம்.

பெரியவாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அவருட்ட கேட்டு வாங்கு புள்ள. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்பறம் ஒரு ஆளு ஊருக்குப் போறான். பதில் பேசி அனுப்பணும்."

"புதுக் கேசட் வந்துருக்கு காக்கா, தர்றேன்" என்றார் வாப்பா.

"அது வேணாம். இதுதான் ராசியான கேசட்டு. புள்ளைங்க பேசுனதை நான் அழிக்கலப்பா, அது அவங்களுக்கும் இருக்கட்டும். கடைசில கொஞ்சம் எடம் சும்மாதானே கெடக்கு, அதுல பேசிக்கிறேன்."

வாப்பா கையில் எடுத்த புதுக் கேசட்டைத் திரும்பவும் தட்டில் வைத்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று ஆர்கன்காரர் கேட்டார்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கடைசியில் இருக்கிற இடம் காலியாகத்தான் கிடக்கிறதாம் என்பதையும் சொன்னேன். அவர் பெரியவாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"விமானம் எத்தனை மணிக்கு என்று கேள்."

கேட்டேன். பெரியவாப்பா சொன்னார்.

"அப்படியானால் நேரமாகிவிட்டது" என்று சொல்லி, கேசட்டைப் பெரியவாப்பாவின் கையில் வைத்தார். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார். வெயிலில் போய் அவர் நிமிர்வதற்குள் பெரியவாப்பா கேசட்டை உள்ளே போட்டு, தம்பியின் குரல் முடிகிற இடத்தைத் தேடி நிறுத்திவிட்டார். சிவப்புப் பொத்தானை அமுக்கினார், தொண்டையைச் செருமினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகந்தானே? இங்க நாங்க நல்ல சுகம். எங்களால யாருக்கும் ஒரு கொறையும் இல்ல."